மரப்பாச்சிக்கு ஒரு வேட்டி

நுழையும் முன்

நவராத்திரிக் கொலுவில் வைக்கும் மரப்பாச்சிப் பொம்மைகளுக்கு வீட்டிலேயே உடை தைத்து அணிவிப்பது தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். கொல்கத்தாவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், அந்தப் பணி பாட்டியின் கையிலிருந்து பேத்தியின் கைக்கு வந்த வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

•

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து அந்தத் தகரப் பெட்டி கொல்கத்தாவிற்கு வந்து சேர்ந்தபோது ஆவணி மாதம் பிறந்திருந்தது. பெட்டியோடு பாட்டியும் வந்திருந்தார். தாத்தா மறைந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. வயதான காலத்தில் தாய் தனியே இருக்க வேண்டா என்று மகன் ஊருக்குச் சென்று அழைத்து வந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்தபோது கலங்காத பாட்டி, தொடர்வண்டியில் அந்தப் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளும்போது மட்டும், "மெதுவாக வை, அப்பா" என்று இருமுறை சொன்னார்.

மகன் நடுவண் அரசுப் பணியாளர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் பணி அவருடையது. ஏழாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் போபாலில் பிறந்தாள்; தில்லியில் எழுதப் படிக்கக் கற்றாள்; இரண்டு ஆண்டுகளாகத் தென்கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் வசித்து வந்தாள். தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி அது. அவளுக்கு இந்தி நன்றாக வரும். வங்காள மொழியும் வரத் தொடங்கியிருந்தது. தமிழ், வீட்டில் பேசும் அளவிற்கு வரும்.

பெட்டியைத் திறந்ததும் கற்பூர மணம் வீசியது. பித்தளைக் குங்குமச் சிமிழ், கூறைப்புடவை, சில பழைய நிழற்படங்கள் ஆகியவற்றிற்கு அடியில், வெள்ளை வேட்டி ஒன்றில் சுற்றப்பட்டு இரண்டு மரப்பாச்சிப் பொம்மைகள் இருந்தன.

மரப்பாச்சி என்பது செம்மரம் அல்லது கருங்காலி போன்ற உறுதியான மரத்தில் செதுக்கப்படும் பொம்மை. ஆணும் பெண்ணுமாக இணையாகவே செய்யப்படும். திருப்பதிக் கடைத்தெருவில் இன்றும் இவை விற்கப்படுகின்றன. திருமணத்தின்போது மணமகளுக்குப் பிறந்த வீட்டார் மரப்பாச்சி இணையைச் சீராகத் தருவது வழக்கம். நவராத்திரியில் கொலுப்படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமையும். அவற்றுள் மேல்படியில் மரப்பாச்சிக்கு இடம் உண்டு. களிமண் பொம்மைகளுக்கு உடையும் வண்ணமும் செய்யும்போதே அமைந்துவிடுகின்றன. மரப்பாச்சி அப்படியன்று. அது வெறும் மரமாகவே வீட்டிற்கு வருகிறது. அதற்கு உடை உடுத்தி உருவம் தருவது வீட்டாரின் பொறுப்பு.

பாட்டியின் மரப்பாச்சிகள் அவர் திருமணத்தின்போது வந்தவை. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். ஆண்டுதோறும் அவர் தம் கையால் அவற்றிற்கு உடை தைத்து அணிவித்து வந்தார். தாத்தா மறைந்த ஆண்டில் கொலு வைக்கவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் அணிவித்த பட்டுத்துணியைப் பூச்சி அரித்திருந்தது. சிறுமி ஆண் பொம்மையைக் கையில் எடுத்தபோது அதன் வேட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இந்த ஆண்டு கொலு வைப்போம். பொம்மைக்கு ஆயத்த உடை கடைகளிலே கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளலாம்" என்றார் அம்மா.

பாட்டி மறுமொழி சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்க அவரால் இயலாது என்பது எல்லார்க்கும் தெரியும். இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. எதிரே நிற்பவர் யார் என்று குரலைக் கேட்டே அறிந்தார். தீபாவளி கழிந்த பிறகு அறுவை மருத்துவம் செய்யலாம் என்று மருத்துவர் நாள் குறித்திருந்தார்.

"நான் தைக்கிறேன்" என்றாள் சிறுமி. அதுவரை அவள் ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை.

•

அன்று மாலையே பாடம் தொடங்கியது. ஆசிரியருக்குக் கண் தெரியாது. மாணவிக்குக் கை தெரியாது.

"நூல் எவ்வளவு எடுக்க வேண்டும், பாட்டி?"

"ஒரு முழம். உன் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு நீளமாக எடுத்தால் சிக்கிக்கொள்ளும். நுனியைச் சாய்வாக வெட்டி, நனைத்து, ஊசிக் காதில் நுழை."

"ஊசிக் காதா?"

"அந்தத் துளைக்குப் பெயர் காது."

ஆங்கிலத்தில் அதனைக் கண் என்று சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். "ஊசிக்குக் காது இருந்தால் நாம் சொல்வது கேட்குமா, பாட்டி?" என்று சிரித்தாள்.

"எங்கே கேட்கிறது? கேட்டால் இப்படிக் கோணலாகப் போகுமா?" என்று பாட்டியும் சிரித்தார். கொல்கத்தா வந்த பின் அவர் சிரித்தது அதுவே முதல்முறை.

முதலில் பழைய கைக்குட்டை ஒன்றில் பழகினாள். துணியின் மேலும் கீழுமாக ஊசியை ஓட்டிச் செல்வது ஓடுதையல். ஒவ்வொரு முறையும் அரைத்தையல் பின்னே சென்று மீண்டும் முன்னே வருவது கெட்டித் தையல். விளிம்பிலிருந்து இழை பிரியாதபடி இருமுறை மடித்துத் தைப்பது ஓரம் அடித்தல். புடவையின் மடிப்புகளுக்குக் கொசுவம் என்றும், தோளில் விழும் பகுதிக்கு முந்தானை என்றும், வேட்டியின் விளிம்பிற்குக் கரை என்றும் பெயர். இச்சொற்களை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஊசியோடு சேர்ந்து அவை அவளிடம் வந்தன.

தைத்து முடித்ததும் கைக்குட்டையைப் பாட்டியிடம் தருவாள். பாட்டி ஆள்காட்டி விரலைத் தையலின்மீது மெல்ல ஓட்டுவார். "இங்கே ஒரு தையல் பெரிது. இங்கே நூலை இழுத்துவிட்டாய்; துணி சுருங்கியிருக்கிறது. இதுவரை பிரித்துவிடு" என்பார். பிரிப்பது தைப்பதைவிட அவளுக்குக் கடினமாக இருந்தது. ஒருநாள் விரலில் ஊசி குத்தி, வெள்ளைத்துணியில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. "எச்சில் தொட்டுத் துடை, போய்விடும்" என்றார் பாட்டி. அவ்வாறே செய்தாள், போய்விட்டது. பத்தாம் நாள் பாட்டியின் விரல் ஒரு கோட்டின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நில்லாமல் சென்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் கைக்குட்டையை மடித்துத் தந்தார். தேர்ச்சி பெற்றுவிட்டதை அவள் புரிந்துகொண்டாள்.

•

இனி உடை தைக்க வேண்டும். அப்பா அவளைக் கரியாஹாட் கடைத்தெருவிற்கு அழைத்துச் சென்று அரை மீட்டர் வெள்ளைப் பாப்ளின் துணியும், சிவப்புப் பட்டுத்துணியும் வாங்கித் தந்தார்.

பொம்மையின் உடை பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. தில்லியில் இருந்தபோது பெற்றோர் அவளை அங்குள்ள பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றிருந்தனர். கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் பிள்ளை உருவாக்கிய அந்த அருங்காட்சியகம் 1965ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பல நாட்டுப் பொம்மைகளும், இந்திய மாநிலங்களின் பொம்மைகளும் அந்தந்த மக்கள் உடுத்தும் முறையிலேயே உடையணிந்து அங்கு நிற்கின்றன. மணமகள் கோலத்தில் நின்ற பொம்மைகளின் உடையில் ஒவ்வொரு மடிப்பும் தெளிவாகத் தெரிந்ததை அவள் மறக்கவில்லை.

ஆகவே கணக்கிட்டே வேலையைத் தொடங்கினாள். பொம்மையின் உயரம் 9 அங்குலம். ஓர் ஆளின் உயரத்தில் அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. எனவே புடவையின் அகலம், நீளம் இரண்டையும் ஏழால் வகுத்தாள். வெட்டினாள்; ஓரம் அடித்தாள்; பொம்மைக்குக் கட்டினாள். உடை பொம்மையின் உடலோடு படியவில்லை. கொசுவம் விறைத்து விசிறிபோல் விரிந்து நின்றது. வேட்டியோ அட்டைப் பெட்டிக்குள் பொம்மையை நிறுத்தியதுபோல் இருந்தது.

கணக்கில் பிழை இல்லை. நீளத்தையும் அகலத்தையும் ஏழால் வகுக்கலாம். துணியின் கனத்தை வகுக்க இயலாது. மனிதருக்கு மெல்லிய துணி பொம்மைக்குக் கம்பளம் போன்றது. இதனைப் பாட்டி பொம்மையைத் தொட்டதுமே அறிந்துகொண்டார்.

"புதுத்துணி பொம்மைக்கு ஆகாது, கண்ணே. கஞ்சி போகப் பலமுறை துவைத்து, உடுத்தி உடுத்தி இளைத்த துணிதான் படியும். ஊரில் நான் எப்போதும் பழந்துணியில்தான் தைப்பேன்."

"பழைய துணி நம் வீட்டில் எது இருக்கிறது?"

வீட்டில் இருந்தவை பெரும்பாலும் செயற்கை இழை கலந்த துணிகள். எத்தனை ஆண்டு உடுத்தினாலும் அவை இளைப்பதில்லை. பாட்டியின் கூறைப்புடவை இருந்தது. அதில் முன்பே பலமுறை பொம்மைக்காக வெட்டியெடுத்த பகுதி உண்டு. ஆகவே பெண் பொம்மைக்குக் கவலை இல்லை. ஆண் பொம்மைக்கு ஏற்ற பழைய பருத்தி வேட்டி ஒன்றே ஒன்று இருந்தது. பொம்மைகளைச் சுற்றிக்கொண்டு வந்த வேட்டி அது. தாத்தா உடுத்திய எட்டு முழ வேட்டி.

சிறுமி அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒவ்வோர் இரவும் பாட்டி அதனைத் தலையணைக்குமேல் விரித்து அதன்மீது முகம் வைத்து உறங்குவதை அவள் பார்த்திருந்தாள்.

•

அந்தக் குடியிருப்பின் மேல்தளத்தில் வங்காள அம்மையார் ஒருவர் வசித்தார். சிறுமி அவரை 'மாஷிமா' என்று அழைப்பாள். தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் அச்சொல்லால் வயதில் மூத்த பெண்களை அழைப்பது வங்காள மரபு. விறைத்து நின்ற அந்தப் பொம்மையுடையை ஒருநாள் அவரிடம் காட்டினாள். அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே சென்று ஒரு விரிப்பை எடுத்து வந்தார்.

அது காந்தா. பழைய பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, முழுப்பரப்பிலும் நெருக்கமாக ஓடுதையல் போட்டு இணைத்த விரிப்பு. அந்தக் காலத்தில் தையலுக்கான வண்ண நூலையும் கடையில் வாங்குவதில்லை. பழைய புடவைக் கரையிலிருந்தே இழைகளை உருவி எடுத்துக்கொள்வர். நெருங்கிய தையலால் துணியில் நீரலை போன்ற மெல்லிய சுருக்கங்கள் விழும். நடுவில் தாமரையும், சுற்றிலும் கொடிகளும் பறவைகளும் தைப்பதுண்டு. பிறந்த குழந்தையை முதலில் அத்தகைய விரிப்பில்தான் சுற்றுவார்கள். நம் ஊரில் தாத்தாவின் பழைய வேட்டியில் குழந்தையை ஏந்துவதும், பாட்டியின் பழைய புடவையில் தூளி கட்டுவதும் இதே காரணத்தால்தான். புதுத்துணி பச்சிளம் தோலை உறுத்தும். இளைத்த துணி உறுத்தாது.

காந்தா என்னும் வங்காளச் சொல்லும், 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழியில் வரும் கந்தை என்னும் சொல்லும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை.

மாஷிமா அந்த விரிப்போடு கீழே இறங்கி வந்தார். பாட்டிக்கு வங்காளம் தெரியாது. மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. சிறுமி இருவருக்கும் இடையே அமர்ந்து மொழிபெயர்த்தாள். பாட்டி விரிப்பின் ஓரத்தை இரு விரல்களுக்கிடையே வைத்து, "மூன்று அடுக்கு" என்றார். "ஆம்" என்றார் மாஷிமா. பின்னர்ப் பாட்டியின் விரல் தையலின்மீது நெடுநேரம் ஓடியது.

"யாருடைய புடவை இது?"

"என் தாயாருடையது."

"வெட்ட மனம் வந்ததா?"

இக்கேள்வியை மொழிபெயர்க்கும்போது சிறுமியின் குரல் தாழ்ந்தது. மாஷிமா சற்று நேரம் கழித்தே பேசினார். தாயார் மறைந்த பின் அவருடைய புடவைகளுள் இரண்டை எடுத்துப் பெட்டியில் வைத்தாராம். ஆறு ஆண்டுகள் அவற்றைத் தொடவே இல்லையாம். ஒருநாள் எடுத்து விரித்தபோது, மடித்த இடங்களிலெல்லாம் துணி கீறிப்போயிருந்ததாம். "காப்பாற்றுவதாக எண்ணித்தான் வைத்தேன். மீதியை வைத்து என் பேரனுக்கு இதைத் தைத்தேன். முன்பே தைத்திருந்தால் இன்னும் பெரிதாகத் தைத்திருப்பேன்" என்றார்.

பாட்டி விரிப்பை மடித்து அவரிடம் கொடுத்தார். அன்றிரவு வழக்கம்போல வேட்டியை விரித்துக்கொண்டு உறங்கினார்.

மறுநாள் காலை சிறுமி பள்ளிக்குப் புறப்படும் வேளையில், பாட்டி அந்த வேட்டியை அவள் மடியில் வைத்தார். துவைத்து, உலர்த்தி, மடித்திருந்தது. "மாலையில் வந்து வெட்டு. கரையோரமாக எடு. கரை பொம்மையின் காலடியில் வர வேண்டும்" என்றார்.

•

மாலையில் அளவெடுத்தாள். இடுப்பிலிருந்து பாதம் வரை ஐந்தேகால் அங்குலம். தேய்ந்த சவர்க்காரத் துண்டால் துணியில் கோடு போட்டாள். வெள்ளைத் துணியில் வெள்ளைக் கோடு சரியாகத் தெரியவில்லை. சாளரத்தருகே சென்று பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தரியை ஓட்டினாள். ஐந்தேகால் அங்குல அகலத்தில், ஓரடி நீளத்தில் ஒரு பட்டை தனியே வந்தது. மேல்விளிம்பை இருமுறை மடித்தாள். அப்போதுதான் புரிந்தது. மடிப்பதற்கென்று விட வேண்டிய அரை அங்குலத்தை அவள் சேர்க்கவே இல்லை. பொம்மைக்குக் கட்டிப் பார்த்தாள். வேட்டி கணுக்காலுக்கு மேலே நின்றது.

புதுத்துணியாக இருந்தால் வேறொன்று வாங்கலாம். இது கடையில் கிடைக்கும் துணி அன்று. வெட்டிய பட்டையைப் புத்தகப் பைக்குள் மறைத்து வைத்தாள். "முடிந்ததா?" என்று பாட்டி கேட்டபோது, "வீட்டுப்பாடம் நிறைய இருக்கிறது" என்றாள். இரவு உணவு அவளுக்கு இறங்கவில்லை. விளக்கணைத்த பின் பாட்டியின் பக்கத்தில் சென்று படுத்துக்கொண்டு, அழுகையினூடே எல்லாவற்றையும் சொன்னாள்.

பாட்டி எழுந்து அமர்ந்தார். "அந்தத் துண்டைக் கொண்டு வா" என்றார். இருட்டிலேயே அதனைத் தடவிப் பார்த்தார். அவருக்கு விளக்கு வேண்டியிருக்கவில்லை.

"எவ்வளவு குறைகிறது?"

"அரை அங்குலம்."

"அவ்வளவுதானே!"

"மறுபக்கத்துக் கரையிலிருந்து வேறொன்று வெட்டட்டுமா, பாட்டி?"

"வேண்டா. வெட்டியது வீணாகக் கூடாது. மேல்பக்கத்தில் ஒட்டுப் போட்டுத் தைத்துவிடு. இடுப்பில் துண்டு கட்டினால் தெரியாது." சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "உன் தாத்தாவின் வேட்டிகளில் ஒட்டுப் போடாத வேட்டி எது? மிதிவண்டிச் சங்கிலியில் மாட்டி மாட்டிக் கிழித்துக்கொண்டு வருவார். நானும் தைத்துத் தைத்துக் கொடுப்பேன். இந்த வேட்டியிலும் எங்கோ ஒரு தையல் இருக்கும், தேடிப் பார்" என்றார்.

அம்மா விளக்கைப் போட்டார். மூவரும் வேட்டியை விரித்துத் தேடினர். கீழ்க்கரைக்கு ஒரு சாண் மேலே அது இருந்தது. முக்கோணமாகக் கிழிந்த இடத்தை இழையோடு இழை பொருந்துமாறு இணைத்திருந்த சிறு தையல்கள், எறும்பு வரிசைபோலத் தெரிந்தன. சிறுமி அவற்றை எண்ணினாள். பத்தொன்பது. தாத்தாவைப் பற்றிப் பாட்டி அவளிடம் பேசியது அன்றுதான். நள்ளிரவு கடந்தும் பேசினார்.

•

மறுநாள் ஒட்டுப் போடும் வேலை தொடங்கியது. பட்டையின் மேல்விளிம்பில் ஓர் அங்குலத் துண்டை வைத்துக் கெட்டித் தையல் போட்டாள். மாஷிமா மாடியிலிருந்து இறங்கி வந்து, தையல்களை நெருக்கமாக வைக்கும் முறையைக் காட்டினார். பெண் பொம்மைக்குக் கூறைப்புடவைத் துண்டில் புடவை கட்டினாள். மயிலாடுதுறையைச் சேர்ந்த கூறைநாட்டில் நெய்யப்பட்ட, பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட புடவை அது. பழகிய துணியாதலால் கொசுவம் சொன்ன இடத்தில் நின்றது.

எஞ்சிய துணிகளில் அவள் சுருக்குப் பைகள் தைத்தாள். கொலு காண வரும் சிறுவர் சிறுமியர்க்கு நெகிழிப் பெட்டிகளைத் தரலாம் என்று அம்மா எண்ணியிருந்தார். அவற்றிற்கு மாறாக இவை ஆகும் என்று முடிவாயிற்று. ஒரு சாண் நீளமுள்ள துணியை இரண்டாக மடித்து, நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரு பக்கங்களையும் தைக்க வேண்டும். வாய்ப்பக்கத்தை மடித்து, கயிறு நுழையும் அளவிற்கு இடம் விட்டுத் தைக்க வேண்டும். இரு பக்கங்களிலிருந்தும் இரண்டு கயிறுகளைக் கோத்துப் பையைப் புரட்டினால் வேலை முடிந்தது. வீட்டுப்பாடம் முடித்த பின் நாளொன்றுக்கு ஒன்றாக ஒன்பது பைகள் தைத்தாள். ஒன்றுபோல் மற்றொன்று அமையவில்லை. முதல் பை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது; அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

மகாளய அமாவாசை வந்தது. முன்னோரை நினைந்து வழிபடும் நாள் அது. கொலுவிற்குப் படி கட்டுவதும் அன்றுதான். கொல்கத்தா நகரம் அன்று விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துவிட்டது. வீடுதோறும் வானொலியில் துர்க்கை வழிபாட்டுப் பாடல்கள் ஒலித்தன. நகரின் வடபகுதியிலுள்ள குமார்துலியில், களிமண்ணால் செய்த துர்க்கையின் திருவுருவங்களுக்குக் கண் திறக்கும் நாளும் அதுவே என்று மாஷிமா சொன்னார்.

மாலையில் ஐந்து படிகள் அமைத்து வெள்ளைத் துணி விரித்தனர். சிறுமி ஆண் மரப்பாச்சியைப் பாட்டியின் கையில் கொடுத்தாள். பாட்டி தலையிலிருந்து தொடங்கித் தடவினார். தோளில் துண்டு, இடுப்பில் துண்டு, அதற்குக் கீழே வேட்டி. விரல் கரையைத் தொட்டதும் நின்றது. அந்தத் துணியை அவர் விரல் அறியும். "தும்பைப் பூவாக இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது, பாட்டி" என்றாள் சிறுமி. பொம்மையை அவரே மேல்படியில் வைத்தார். இடம் சரியாக இருக்கிறதா என்று பேத்தியிடம் கேட்டுக்கொண்டார்.

கொலு நாள்களில் தமிழ் வீட்டாரும் வங்காள வீட்டாரும் வந்தனர். சுண்டலோடு சுருக்குப் பையும் பெற்ற வகுப்புத் தோழி ஒருத்தி, "எந்தக் கடையில் வாங்கினாய்?" என்று கேட்டாள். கூறைப்புடவையின் கரையில் தைத்த பை மாஷிமாவிற்கு. அதன் உட்புறத்தில் தாத்தாவின் வேட்டித் துண்டை வைத்துத் தைத்திருந்தாள். விசயதசமி கழிந்து பொம்மைகளைப் பெட்டியில் வைக்கும் நாளில் மாஷிமா மீண்டும் வந்தார். மரப்பாச்சி இணையைச் சுற்றி வைப்பதற்கென்றே ஒரு முழ அளவில் சிறு காந்தா ஒன்றைத் தைத்துக் கொண்டு வந்திருந்தார். ஆதலால் பொம்மைகளைச் சுற்ற வேட்டி தேவைப்படவில்லை. அது பாட்டியின் தலையணைக்கே திரும்பியது. ஒரு மூலையில் மட்டும் ஓரடி நீளத்திற்குக் கரை இல்லை.

•

தீபாவளிக்குப் பின் பாட்டிக்கு அறுவை மருத்துவம் நடந்தது. சில வாரங்கள் கழித்துப் புதிய மூக்குக் கண்ணாடி வந்தது. அதை அணிந்துகொண்டு அவர் முதலில் மகனைப் பார்த்தார்; "இளைத்துவிட்டாயே!" என்றார். பேத்தியைப் பார்த்தார், "உயர்ந்துவிட்டாள்" என்றார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

ஆண் மரப்பாச்சியை வெளிச்சத்தில் பிடித்து, இடுப்புத் துண்டைச் சற்றே விலக்கி ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தார். சிறுமி மூச்சடக்கி நின்றாள்.

"இங்கே நான்கு தையல் கோணலாக இருக்கிறது" என்றார் பாட்டி.

"பிரித்துவிடட்டுமா?"

"வேண்டா. இருக்கட்டும்."

பொம்மையைக் காந்தாவில் சுற்றி வைத்தார். பின்னர் ஊசிப் பெட்டியை அருகில் இழுத்து, ஒரு முழ நூலை அளந்து, நுனியைச் சாய்வாக வெட்டி, தாமே ஊசிக் காதில் கோத்தார். முதல்முறையிலேயே நூல் நுழைந்துவிட்டது. அந்த ஊசியைப் பேத்தியிடம் நீட்டி, "உன் பள்ளிச் சட்டையில் பொத்தான் ஒன்று தொங்குகிறது. கழற்றிக் கொடு என்று சொல்ல மாட்டேன். நீயே தை, நான் பார்க்கிறேன்" என்றார்.